எட்டுப் பேருக்கு ஒரு படி

நாங்கள் குடியிருக்கும் தெருவில் பதினேழு வீடுகள். அவற்றின் வாசலில் நிற்கும் பிக்கப் வண்டிகள் பத்து. கனடாவில் இந்தக் கால்கரிக்கு வந்த முதல் குளிர்காலத்தில், வேறு வேலை இல்லாததால், அந்தப் பத்து வண்டிகளின் பின்பெட்டியில் என்ன ஏறுகிறது, என்ன இறங்குகிறது என்று ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஒரு சோபா, ஒரு கிறிஸ்துமஸ் மரம், இரண்டு பனிச்சறுக்குப் பலகைகள், ஒரு நாய். நாயைச் சரக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டேன். மற்ற நாளெல்லாம் அந்தப் பெட்டிகளில் பனிதான் ஏறியது. வெயில் அடித்தால் தானாக இறங்கியது. எங்கள் ஊர்ப் பக்கம், ஆந்திராவின் பங்காருபாளையத்தில், மாங்காய் சீசனில் ஒரு வண்டி காலை ஒன்பது மணிக்குக் காலியாக நின்றால், போகிறவர் வருகிறவர் நாலு பேராவது நின்று வண்டிக்கு என்ன கோளாறு என்று விசாரிப்பார்கள். இங்கே காலியாக நிற்பதுதான் வண்டியின் இயல்பு. அதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை.

எட்டு வருஷம் கழித்து எங்கள் வாசலுக்கும் ஒன்று வர ஏற்பாடாயிற்று. மருமகன் ஸ்ரீதர் கணினி வேலை பார்க்கிறவர். அவர் தூக்கிக்கொண்டு போகிற சரக்கு ஒரு மடிக்கணினியும் மதிய சாப்பாட்டு டப்பாவும்தான். ஆனாலும் ஆசை. வண்டி பதிவு செய்யப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வண்டியே இல்லை. இல்லாத வண்டியை ஒரு திரையில் காட்டி, விற்பனைக்காரர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இரண்டு கதவா, நாலு கதவா? பெட்டி நீளமா, குட்டையா? இருக்கைக்குச் சூடு வேண்டுமா? ஸ்டியரிங் வளையத்துக்கும் வேண்டுமா? நான் விரல் மடக்கிக்கொண்டே வந்தேன். நாற்பத்தாறு கேள்விகள். நாற்பத்தாறுக்கும் ஸ்ரீதர் பொறுமையாகப் பதில் சொன்னார். வீட்டில் சாம்பாரா ரசமா என்று என் மகள் கேட்டால் 'எதுவானாலும் சரி' என்று சொல்கிற மனிதர்.

நடுவில் நானும் ஒரு கேள்வி கேட்டேன். எவ்வளவு எடை ஏற்றலாம்? விற்பனைக்காரர் ஓர் எண்ணைச் சொன்னார். அது புத்தகத்தில் எழுதியிருப்பது, நிஜமாக எவ்வளவு ஏற்றலாம் என்று மறுபடி கேட்டேன். எங்கள் பக்கத்தில் இது சாதாரணக் கேள்வி. கம்பெனி சொல்லும் எடை ஒன்று, தோப்பில் ஏறும் எடை வேறொன்று. புது வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோகும் முன்பே பின் ஸ்பிரிங்குக்கு இரண்டு பட்டை கூடுதலாக வைத்துவிடுவார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. "நிஜமாகவும் அதுதான், ஐயா," என்றார். அவர் நேர்மையை நான் சந்தேகிக்கிறேன் என்று அவர் நினைத்தார். தொழில் ரகசியத்தை அவர் மறைக்கிறார் என்று நான் நினைத்தேன். பேச்சை மாற்ற, பின்பெட்டியை யார் கட்டித் தருவார்கள் என்று கேட்டேன். அவருக்கு முகம் மலர்ந்தது. உள்ளே போய் ஒரு வண்ணப் புத்தகம் கொண்டுவந்தார். அதில் இருந்தவை காலிப் பெட்டியை இழுத்து மூடி வைக்கும் மூடிகள். பதினான்கு வகை.

அன்று வீடு திரும்பும்போது நான் யோசித்ததெல்லாம் தம்பி முனிரத்தினத்தைப் பற்றி. எனக்கு எட்டு வயது இளையவன். நான் சித்தூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து நட்டும் போல்ட்டும் எண்ணினேன். அவன் பங்காருபாளையத்தில் ஒரு மாங்காய் மண்டி முதலாளிக்கு வண்டி ஓட்டினான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த முதலாளி ஒரு புதுப் பிக்கப் எடுத்தார். எடுத்தார் என்று சொல்வது எளிது. பெயரைப் பதிந்துவிட்டு ஏழு மாதம் காத்திருந்தார். வெள்ளை வேண்டும் என்றார். ஷோரூம்காரர் தெலுங்கில், எது வருகிறதோ அதுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். வந்தது பச்சை. இடது கதவில் கண்ணாடி இறக்கும் கைப்பிடி இல்லை. அதற்கு அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். அப்படியும் முதலாளி வாய் நிறைய நன்றி சொல்லிவிட்டு வந்தார். கொடுத்ததை வாங்கிக்கொள்வதுதான் அன்று வாங்குவது. பிறகு நாட்டின் கதவு திறந்தது. புதுப் புதுக் கம்பெனிகள், நெடுஞ்சாலை முழுக்க விளம்பரப் பலகைகள், கேட்டவுடன் வண்டி. வண்டிகள் உள்ளே வந்த அதே வருஷங்களில்தான் பிள்ளைகள் வெளியே போனார்கள். என் மகள் ஹேமாவும் போனாள். அவள் பின்னால் நானும் என் மனைவி சரோஜாவும் வந்து சேர்ந்தோம்.

ஸ்ரீதரின் வண்டி வந்து இறங்கிய வருஷக் கடைசியில் முனிரத்தினம் போன் செய்தான்.

"ணா, துன்னியா?"

"துன்னாச்சி. நீ சொல்லு."

"ஒண்ணுமில்ல. நானே ஒரு வண்டி எடுக்கலாம்னு கீறேன்."

முப்பத்திரண்டு வருஷத்தில் ஏழு வண்டிகள் ஓட்டியவன். ஏழும் மற்றவர்களுடையவை. சொந்தமாக நிலம் என்று ஒரு சென்ட் கூட இல்லாத வீட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் அடுத்தவர் வயலில்தான் நைனாவும் அம்மாவும் உழைத்தார்கள். முனிரத்தினம் இப்போது இரண்டு ஏக்கர் தோப்பைக் குத்தகைக்குப் பிடித்திருக்கிறான். அவன் மனைவி விஜயா மாங்காய் பறிக்கும் கூலிப் பெண்களுக்குத் தலைவி. வண்டியும் சொந்தமாகிவிட்டால் மாங்காயைப் பறிப்பது முதல் மண்டியில் இறக்குவது வரை எல்லாம் அவர்கள் கையில். மே மாதம் சீசன் தொடங்குவதற்குள் வண்டி வாசலில் நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் அடுத்தவன் சாவியைத்தான் கையில் பிடிக்க வேண்டும். "நான் வர்றேன். நான் வராம பதியாதே," என்றேன். சரோஜா சமையலறையிலிருந்து, "வண்டி ஓட்டப்போறது அவரா, நீங்களா?" என்று கேட்டாள். ஜனவரியில் இருவரும் கிளம்பினோம்.

நான் போனதற்கு ஒரு காரணம் உண்டு, அதை யாரிடமும் சொல்லவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், மாங்காய் சீசனுக்கு அம்மா ஊர்ப் பெண்களோடு பங்காருபாளையம் போனாள். லாரியில் பெண்கள் ஏறுவது எப்படி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். டயரின் மேல் ஒரு காலை வைத்து, பக்கப்பலகையைப் பிடித்து, புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு எம்ப வேண்டும். சுற்றி நிற்கும் ஆண்கள் அந்த நேரம் பார்த்துத்தான் பீடி பற்றவைப்பார்கள். இறங்கும்போது அம்மாவுக்கு டயரில் கால் வழுக்கியது. கணுக்கால் எலும்பு முறிந்து, கோணலாகச் சேர்ந்தது. அதற்கு அடுத்த சீசனும் போனாள், நொண்டிக்கொண்டே போனாள். முனிரத்தினம் அப்போது பால்குடி மறந்த குழந்தை. அம்மா பிறந்ததிலிருந்தே அப்படித்தான் நடப்பாள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தான். கால்கரியில் அந்தத் திரையில் நாலு கதவு வண்டியைப் பார்த்தவுடனே நான் முடிவு செய்துவிட்டேன். என் தம்பி வண்டியில் பெண்கள் கதவைத் திறந்து, உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு போக வேண்டும்.

திருச்சானூரில் ஒரு லாட்ஜில் இறங்கி, கோயிலில் தாயாரைத் தரிசித்துவிட்டு, பங்காருபாளையம் போய்ச் சேர்ந்தோம். இரண்டு நாள் கழித்து, முதலாளியின் பழைய வண்டியில் நானும் முனிரத்தினமும் மட்டும் திருப்பதி ஷோரூமுக்குத் திரும்பிவந்தோம். கண்ணாடிச் சுவர், குளிர்சாதனம், லாவண்யா என்றொரு பெண். கையில் அதே மாதிரித் திரை. எனக்கு அது பழகிய இடம் போலிருந்தது. அவள் தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து கேட்கக் கேட்க, நான் ஒரு காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு பதில் சொன்னேன். சிங்கிள் கேபினா, நாலு கதவுள்ள டபுளா? டபுள். தோப்புப் பெண்கள் உட்கார்ந்து போகட்டும் என்றேன். ஏசி? வேண்டும். பவர் ஸ்டியரிங்? வேண்டும். கம்பெனி பெட்டியா, பெட்டி இல்லாத வெறும் சேஸிஸ் வாங்கி வெளியே கட்டிக்கொள்கிறீர்களா? கம்பெனி பெட்டி. டபுள் கேபின் வைத்தால் பெட்டியின் நீளம் குறையும் என்று அவள் சொன்னாள். அது எனக்குத் தெரியும், முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நீளப் பெட்டியில் ஓர் அடுக்குக்கு இருபத்தொரு மாங்காய் கிரேட், நாலு அடுக்கு, எண்பத்துநாலு. குட்டைப் பெட்டியில் அறுபது. ஒரு நடைக்கு இருபத்துநாலு கிரேட் குறைவு. அதற்கென்ன, இன்னொரு நடை அடித்துக்கொள்ளலாம்.

முனிரத்தினம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். லாவண்யா அவன் பக்கம் திரும்பி அவன் அபிப்பிராயம் கேட்டு, "மீரு ஏமண்டாரு சார்? ஓகேவா?" என்றாள்.

"அண்ணா சொன்னா சரிம்மா."

"கலராச்சும் நீங்க சொல்லுங்க சார்."

"வெள்ளை," என்றான். அன்று அவன் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். கையெழுத்தும் அவன் போட்டான். வண்டி அவனுடையது, கடன் அவனுடையது, வாய் மட்டும் என்னுடையது.

திரும்பும் வழி தொண்ணூறு கிலோமீட்டர். சாதாரணமாக முனிரத்தினம் ஸ்டியரிங்கில் கை வைத்தால் வாய் மூடாது. முன்னால் போகும் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு வசவு, ஒவ்வொரு ஆட்டோவுக்கும் ஒரு ஆசீர்வாதம். அன்று பதினோரு லாரிகளைத் தாண்டினோம். ஒன்றைக்கூட அவன் திட்டவில்லை. சித்தூரில் டீ குடிக்க நிறுத்தியபோது பாதி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். வண்டி கைக்கு வரப்போகிறது, பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது வருஷம் வெளிநாட்டில் இருந்தவனுக்கு, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று வாயால் சொல்லுவார்கள் என்கிற பழக்கம் வந்துவிடுகிறது. அண்ணன் பேச்சுக்கு அடுத்தவர் முன்னால் தம்பி மறுபேச்சு பேசமாட்டான் என்பதும், சரி என்று அவன் சொல்வது மரியாதையே தவிரச் சம்மதம் இல்லை என்பதும் எனக்குத் தெரியாதவையா? எங்கள் நைனாவின் அண்ணன் முன்னால் நைனாவும் அப்படித்தான் நின்றார். தெரிந்ததை மறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் காலை முன்னறையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சரோஜா கொஞ்சம் தள்ளிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விஜயா சமையலறை நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவள் என்னோடு நேராகப் பேசுவதில்லை; புருஷனின் அண்ணனோடு பேசுவது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சரோஜாவிடம், என் காதுபடச் சொல்லித்தான் நடத்திவந்திருக்கிறாள்.

"அக்கா, மாமா எங்களுக்கோசரம்தான் நாலு கதவு வண்டி எழுதிக்கினு வந்துகிறாராம். அவரு சொன்னாரு."

"ஆமா, உட்கார்ந்துக்கினு போவட்டும்னு," என்றாள் சரோஜா.

"மனசுக்கு நல்லாத்தான் கீது. வண்டில மொத்தம் எத்தினி சீட்டு?"

சரோஜா என்னைப் பார்த்தாள். "அஞ்சு," என்றேன் நான், இட்லியைப் பார்த்து.

"அஞ்சுல டிரைவருக்கு ஒண்ணு. மிச்சம் நாலு. நாங்க எத்தினி பேருன்னு மாமாவ கேளு அக்கா."

பெட்டியில் எத்தனை கிரேட் என்று எனக்குத் தெரியும். அதில் கயிறு கட்ட எத்தனை கொக்கி என்றுகூடத் தெரியும். வண்டி யாருக்காகவோ அவர்களை நான் எண்ணவில்லை.

"எட்டு பேரு," என்றாள் விஜயா. "நாலு பேரு உள்ள குந்திக்கினு ஏசில போவாங்க. நாலு பேரு பின்னால வெயில்ல. யாரு உள்ள, யாரு வெளியன்னு நான் பிரிச்சு விடணும். மொத நாளே குப்பம்மா என் கொண்டைய புடிச்சிடுவா. சீசனுக்கு ஒருத்தி வரமாட்டா. கிரேட்டும் போச்சு, ஆளும் போச்சு."

"சரக்கு வண்டியில ஆள ஏத்தக் கூடாதுன்னு சட்டம் கீது, சரோஜா," என்றேன். இப்போது நானும் சரோஜா வழியாகப் பேசத் தொடங்கியிருந்தேன்.

"தோப்புக்குள்ள பஸ்ஸு வருதாமா அக்கா? வந்தா நான் டிக்கெட்டு எடுத்துக்கினு போறேன்."

சரோஜா சிரித்துவிட்டாள். கீரையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப உனக்கு இன்னாதான் வேணும், சொல்லேன்," என்றாள். நாற்பத்தாறு கேள்வி கேட்ட ஊரிலிருந்து வந்த நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

விஜயா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். பிறகு, "நீளப் பெட்டி இருக்கட்டும். போறது நாலு கிலோமீட்டர். காலையில மட்டும்தான், காலி கிரேட்டு கூட. வரும்போது ரோட்டுக்கு நடந்து ஷேர் ஆட்டோ புடிச்சிக்கறோம்," என்றாள். "ஏறத்துக்குத்தான் கஷ்டம். டயர் மேல கால வெச்சி, பொடவைய தூக்கிக்கினு. ஒரு படி வெச்சிக் குடுத்தா போதும். புடிச்சிக்க ஒரு கம்பி. அதுக்கு எந்த ஷோரூம்ல எழுதிக் குடுக்கணும்னு மாமாவ கேட்டுச் சொல்லு."

நான் கை கழுவிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அம்மாவுக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான். அந்த லாரியில் யாரும் அவளுக்கு நாற்காலி போட்டிருக்க வேண்டியதில்லை.

அன்றே முனிரத்தினத்தைக் கிளப்பிக்கொண்டு மறுபடி திருப்பதிக்குப் போனேன். வழியெல்லாம் தேதிகளைக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். பதிந்ததை மாற்றினால் வரிசையில் கடைசிக்குப் போய்விட்டால்? ஏப்ரல் தாண்டினால்? தாண்டினால் அவன் சீசன் போனது என்னால்தான். ஷோரூமில் லாவண்யா எங்களைப் பார்த்ததும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். நான் தண்ணீர் குடிக்கும் முன் சொல்லிவிட்டேன். "நேத்து எழுதினது தப்பும்மா. தப்பு என்னுது. வண்டி ஓட்டறவர் இவரு. இவர கேட்டு எழுதுங்க." ஸ்டோரில் ஒரு போல்ட் குறைந்தால்கூட என் தப்பு என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. முனிரத்தினம் சுவரில் மாட்டியிருந்த வண்டிப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"பர்லேது சார், மாத்திக்கலாம்," என்றாள் அவள். "இன்னும் மேல அனுப்பல. ஆனா சிங்கிள் கேபின் சேஸிஸுக்கு டிமாண்ட் ஜாஸ்தி. ஏப்ரல் மூணாவது வாரம் ஆகும். பரவாயில்லையா?"

பாடி கட்ட மூன்று வாரம் பிடிக்கும். மே பத்தாம் தேதியைத் தொட்டுவிடும். நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன். அவன் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். "ஆவட்டும்மா, எழுது. சிங்கிள் கேபின். வெறும் சேஸிஸ். ஏசி வாணாம். பவர் ஸ்டியரிங் இருக்கட்டும், தோள் வலிக்குது," என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அது அண்ணா சொன்னதுல நல்லது," என்றான். வீடு திரும்பும்போது ரேணிகுண்டா பக்கமிருந்து வந்த ஒரு டேங்கர் லாரி குறுக்கே புகுந்தது. அதன் டிரைவரையும் அவன் அப்பனையும் முனிரத்தினம் இரண்டு மொழியில் திட்டினான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பாடி கட்டும் மஸ்தான் பாயின் ஷெட் சித்தூரில். சேஸிஸ் வருவதற்குள் நான் கால்கரி போய்விடுவேன் என்பதால், படிக்கு மட்டும் முன்னதாகவே அளவு எடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அதே மாடல் வண்டி ஒன்று வேறு யாருக்கோ ஷெட்டில் தயாராகிக்கொண்டிருந்தது. விஜயா வந்தாள். அவள் ஆட்களில் மூத்தவளான குப்பம்மாவும் வந்தாள். அறுபது வயது, வலது முழங்கால் மடங்காது. வெல்டிங் பொறி பறக்கிற இடத்தில் இரண்டு பெண்கள் நிற்பதைப் பார்த்து மஸ்தான் பாய் முகக் கவசத்தைத் தூக்கினார்.

"என் ஷெட்டுக்குப் பொம்பளைங்க அளவு குடுக்க வந்தது இதான் மொதல் தபா. டைலர் கடைன்னு நெனச்சிக்கினீங்களா?"

"டைலருன்னாலும் ஒரு தபாவுல சரியா எடுப்பான். நீ எடு பார்க்கலாம்," என்றாள் குப்பம்மா.

அவள் வண்டியின் பின்னால் போய் நின்று, ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கினாள். எவ்வளவு தூக்க முடிந்ததோ அவ்வளவு. மஸ்தான் பாய் ஒரு தகரத்தை நிறுத்தி, பாதத்துக்குக் கீழே சாக்பீஸால் கோடு போட்டார். நான் டேப் பிடித்தேன். தரையிலிருந்து ஒன்பது அங்குலம். விஜயாவால் பதிமூன்று அங்குலம் தூக்க முடிந்தது. "குப்பம்மா, மாமாவ ஒம்பதுன்னே எழுதிக்கச் சொல்லு. அவ ஏறுனா எல்லாரும் ஏறுவோம்," என்றாள் விஜயா. பெட்டியின் தளம் முப்பத்து மூன்று அங்குல உயரம். மூன்று படி வேண்டும்: ஒன்பது, பதினேழு, இருபத்தைந்து. கீழ்ப்படி அவ்வளவு தாழ்வாகத் தொங்கினால் ஸ்பீடு பிரேக்கரில் அடிக்கும் என்றார் மஸ்தான் பாய். முனிரத்தினம் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டு, கீழ்ப்படியைக் கீல் வைத்து மடக்கிவிடலாம், ஓடும்போது சங்கிலியில் மாட்டிக்கொள்ளலாம் என்றான். ஈரத்தில் வழுக்காமல் இருக்கப் படியின் மேல் சிறு சிறு வெல்டிங் புள்ளி வைக்கச் சொன்னேன். படிக்கு எத்தனை என்று மஸ்தான் பாய் கேட்டார். நாற்பது என்றேன். கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார் எந்தக் கம்பெனியில இருந்தீங்க?" என்றார். அவர் என்னைப் பாராட்டினாரா கேலி செய்தாரா என்பது இன்றுவரை தெரியாது.

கால்கரிக்குத் திரும்பிய பிறகு வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். சேஸிஸ் வந்ததா? வந்தால் டயர் எந்தக் கம்பெனி? படி மறந்துவிடவில்லையே? முனிரத்தினம் ஒவ்வொரு முறையும், "வரும் ணா," என்றான். ஏப்ரல் மூன்றாவது வாரம் போய் நான்காவது வாரமும் வந்தது. ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாள் இரண்டு முறை போட்டுக்கொண்டேன். ஹேமா என் போனைப் பிடுங்கி வைத்தாள். மே ஒன்றாம் தேதி சேஸிஸ் வந்தது என்று செய்தி வந்தது; மஸ்தான் பாய் படியைத் தனியாகச் செய்து முன்பே முடித்து வைத்திருந்ததால், பாடி பத்தே நாளில் எழுந்தது. என்னைப் போலப் பிள்ளைகளின் பின்னால் இந்த ஊர்களுக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு தெரிந்திருக்கும். நம் கை எட்டாத இடத்தில் ஒரு காரியம் நடக்கிறது. அது நாம் இல்லாமலே நன்றாக நடக்கும் என்று தெரியும். நாம் சொன்ன ஒரு சின்ன விஷயமாவது அதில் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

போன வாரம் ஒரு நாள் மாலை ஆறரை மணிக்கு முனிரத்தினம் வீடியோவில் கூப்பிட்டான். அங்கே மறுநாள் விடிந்து ஆறு மணி. வெள்ளை வண்டி, வாசலில் கோலம், முன்பக்கம் சாமந்தி மாலை. அன்றுதான் முதல் நடை. பெட்டியின் முன்பாதியில் காலிக் கிரேட்கள் அடுக்கியிருந்தன. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வந்தான். கீழ்ப்படியைக் காலால் இறக்கிவிட்டான், சங்கிலி கலகலவென்றது. "பாத்துக்கோ ணா, படிக்கு நாப்பது புள்ளியும் கீது. எண்ணிப் பாத்தேன்," என்றான்.

விஜயா முதலில் ஏறினாள். புடவையைத் தூக்கவில்லை, இடது கையால் கம்பியைப் பிடித்து, நாலே எட்டில் மேலே போய்விட்டாள். ஏறி நின்றவள் போன் இருக்கும் பக்கம் திரும்பினாள். சரோஜா என் தோளுக்குப் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் "அக்கா" என்று கூப்பிடவில்லை. "படி ஆடல, மாமா," என்றாள். அவ்வளவுதான். பிறகு குனிந்து அடுத்தவளுக்குக் கை நீட்டினாள். இரண்டு, மூன்று, நாலு. ஒருத்தி தூக்குவாளியோடு ஏறினாள். ஒருத்தி படியில் நின்று, "ஏரோப்ளேன் படி மாதிரி கீதுடி," என்று கையை ஆட்டிக் காட்ட, மேலே இருந்தவர்கள் அவளைத் திட்டி இழுத்தார்கள். ஏழு பேர் ஆயிற்று.

குப்பம்மா கடைசி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முழங்காலைத் தடவினாள், மெல்ல வலது காலைத் தூக்கினாள். படம் அங்கேயே நின்றுவிட்டது. வலைத்தொடர்பு அறுந்து, வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. மேலே இருந்த ஏழு பேரும் அசையாமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாங்க, ஒத்தக்கால்ல நின்னுக்கினு கீறீங்க?" என்றாள் சரோஜா.

குனிந்து பார்த்தேன். என் வலது கால் கம்பளத்திலிருந்து மேலே எழும்பி இருந்தது. சுமார் ஒன்பது அங்குலம் இருக்கும். கீழே வைத்துக்கொள்ளச் சொல்லி சரோஜா நாற்காலியை நகர்த்திப் போட்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இறக்காமல், அந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டாவது ஆள் இன்னும் ஏறவில்லை.